தாளம் அறிந்த குரல்: செலியா குரூஸின் இசை வாழ்க்கை

கியூபாவின் தலைநகரான ஹவானாவில், உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த சாந்தோஸ் சுவாரெஸ் என்னும் பகுதியில், 1925 அக்டோபர் 21 அன்று செலியா குரூஸ் பிறந்தார். தந்தை சிமோன் குரூஸ் ரயில் எஞ்சினில் கரி தள்ளும் தொழிலாளி. தாய் கத்தலீனா அல்ஃபோன்சோ வீட்டையும், அந்த வீட்டில் கூடி வாழ்ந்த உறவுக்காரப் பிள்ளைகளின் பட்டாளத்தையும் கவனித்துக்கொண்டார். இரவில் சிறு பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பொறுப்பு செலியாவுக்கு. அவர் பாடத் தொடங்கினால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் வாசலில் வந்து நின்று கேட்பார்கள். குடும்பத்தார் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி இது.

மகள் பாடகி ஆவதைத் தந்தை விரும்பவில்லை. அந்நாளைய ஹவானாவில் மேடையில் பாடும் பெண்ணை ஊர் ஏளனமாகப் பேசும் என்று அவர் அஞ்சினார். பள்ளி ஆசிரியை வேலை மதிப்புக்குரியது, மாதம் தவறாமல் சம்பளம் வரும் என்பது அவர் கணக்கு. அந்த விருப்பப்படியே செலியா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிக்கும்போதே, உறவினர் ஒருவர் அழைத்துச் சென்றதால், 1947-ல் கார்சியா செர்ரா வானொலியின் திறமைப் போட்டியில் கலந்துகொண்டார். 'நொஸ்டால்ஹியாஸ்' என்ற அர்ஜென்டீன டாங்கோ பாடலை கியூபாவின் பொலேரோ நடையில் மாற்றிப் பாடி முதல் பரிசு பெற்றார். கிடைத்தது ஒரு கேக். ஆனால் ஒரு பாட்டை எடுத்து வேறொரு நடைக்குள் இறக்கிப் பாட அந்த வயதிலேயே அவருக்குத் துணிவு இருந்தது. பின்னாளில் அவர் செய்த பெரிய காரியங்கள் பலவற்றின் வித்து அதில்தான் இருக்கிறது. ஆசிரியையாகி மாதம் முழுதும் சம்பாதிப்பதைப் பாடகியாக ஒரே நாளில் சம்பாதிக்கலாம் என்று கல்லூரி ஆசிரியை ஒருவரே எடுத்துச் சொன்ன பிறகு, செலியா கரும்பலகையை விட்டுவிட்டு ஹவானாவின் இசைக் கல்லூரியில் சேர்ந்தார்.

செலியா குரூஸை கியூப இசையின் முதல் பெண் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது உண்மையல்ல, அவருக்கு முன்னே நடந்தவர்களை மறைத்தும் விடுகிறது. மரியா தெரெசா வேரா 1920-களிலேயே கிட்டார் ஏந்திப் பாடி, சொந்தமாக ஓர் இசைக்குழுவும் நடத்தினார். ரீட்டா மொண்டானேர் நாடக மேடையிலும் வானொலியிலும் புகழ் பெற்றிருந்தார். 1932-ல் தொடங்கிய அனகவோனா, முழுக்கப் பெண்களே வாசித்த குழு. எல்லாரையும்விட செலியாவை ஈர்த்தவர் பவுலீனா ஆல்வாரெஸ். கையில் தாளக் கட்டைகளைத் தட்டிக்கொண்டே ஆண்களின் வாத்தியக் குழுவுக்கு முன்னே நின்று பாடிய அந்தப் பெண்ணைத்தான் தன் முன்மாதிரி என்று செலியா கடைசிவரை சொன்னார். முன்னோடி என்ற சொல் அவருக்குப் பொருந்துவது வேறொரு காரணத்தால். நடனத்துக்கு வாசிக்கும் வேகமான குழுவில், கணத்துக்குக் கணம் வரிகளைப் புனைந்து பாடும் இடம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அந்த இடத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அசையாமல் நின்று, தலைசிறந்த ஆண்களுக்குச் சமமாக எண்ணப்பட்ட முதல் பெண் அவர்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்பது தெரிந்தால்தான் அவர் சாதனையின் கனம் புரியும். கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்து 1920-களில் ஹவானாவை ஆட்கொண்ட 'சோன்' என்ற இசைவகைதான் பின்னாளைய சால்சாவின் முதுகெலும்பு. ஸ்பானியக் கிட்டாரும் பாட்டு வடிவமும் ஒருபுறம், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தோல்வாத்தியங்களும் கூட்டுப்பாடல் முறையும் மறுபுறம். இரண்டும் கலந்து உருவானது அது. 'கிளாவே' எனப்படும் இரண்டு கெட்டி மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து அடிகள் இந்த இசையைத் தாங்குகின்றன. ஒரு பகுதியில் மூன்று அடி, அடுத்த பகுதியில் இரண்டு. பியானோ, பாஸ், எக்காளம், பாடுபவரின் மூச்சு எல்லாமே இந்த ஐந்து அடிக்குக் கட்டுப்பட வேண்டும். கட்டையை யாரும் தட்டாத போதும் அது எல்லார் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பாட்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட வரிகள் பாடப்படும். பிற்பகுதியான 'மோண்டுனோ' தொடங்கியதும் துணைப்பாடகர்கள் ஒரே ஒரு சிறு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். இரண்டு முறைக்கு நடுவே சில நொடி இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் முதன்மைப் பாடகர் அப்போதைக்கப்போது தோன்றும் சொற்களைத் தாளம் பிசகாமல் வைத்துத் தள்ள வேண்டும். ஆடுபவர்களின் உற்சாகத்தைப் பார்த்து நீட்டவோ முடிக்கவோ வேண்டும். குரல் இனிமை மட்டும் இருப்பவர் இங்கே நிற்க முடியாது. செலியாவின் குரல் பெண்குரல்களில் மிகத் தாழ்ந்த வகை; கனமும் கூர்மையும் ஒருசேர அமைந்தது. எக்காளங்கள் முழங்கும்போதும் அதன் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கும். மெய்யெழுத்துகளை அவர் தோல்மேல் விழும் அடிபோல உச்சரித்தார். ஒரு சொல்லை அடிக்குச் சற்றுப் பின்னே தள்ளி வைத்து, அடுத்த சொல்லில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுவார். பாடகி என்பதைவிட, குரலால் தாளம் வாசித்த கலைஞர் என்பதே அவருக்குச் சரியான பெயர்.

இந்தத் தாள அறிவின் ஊற்று ஹவானாவின் கறுப்பின மக்களிடையே வழங்கிய யொருபா வழிபாட்டு இசை. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-ல்தான். செலியா பிறந்தபோது அதை நேரில் கண்டவர்கள் பலர் உயிரோடிருந்தார்கள். சாந்தேரியா என்ற அந்த வழிபாட்டின் பாட்டும் முழவும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அவர் காதில் விழுந்தன. செலியா கத்தோலிக்கர், ஆனாலும் அந்தப் பாடல்களை முறையாகக் கற்று, 1940-களின் இறுதியில், அத்துறையில் பேர்பெற்ற மெர்செதீத்தாஸ் வால்தெஸோடு சேர்ந்து ஒலிப்பதிவும் செய்தார். 'நெருப்பான கலப்பினப் பெண்கள்' என்ற பொருளில் பெயரிடப்பட்ட நடனக் குழுவின் பாடகியாக மெக்சிகோவுக்கும் வெனிசுவேலாவுக்கும் போய்வந்தது இதே காலத்தில்.

1950 ஆகஸ்டு 3 அன்று அவர் சொனோரா மத்தான்செரா குழுவில் சேர்ந்தார். கரும்பாலைகளுக்கும் ரும்பா இசைக்கும் பெயர்போன மத்தான்சாஸ் நகரில் 1924-ல் தொடங்கி, பின்பு ஹவானாவுக்கு இடம்பெயர்ந்த குழு அது. பெரிய ஜாஸ் குழுக்களைப்போல் சாக்சஃபோன் வரிசை கிடையாது. இரண்டு எக்காளம், பியானோ, பாஸ், தாள வாத்தியங்கள், பாடகர்கள்; எளிமைதான் அதன் அழகு. குழுவில் பாடிவந்த புவெர்ட்டோ ரிக்கோவின் மிர்த்தா சில்வா ஊர் திரும்பிவிட, தலைவர் ரொஹேலியோ மார்த்தினெஸ் அந்த இடத்துக்குச் செலியாவை அழைத்தார். மிர்த்தாவின் குரலுக்குப் பழகியிருந்த நேயர்கள் இந்தப் புதுக்குரல் வேண்டாம் என்று வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் எழுதினார்கள். குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட நியூயார்க்கின் சீக்கோ நிறுவனத்தின் உரிமையாளர் சிட்னி சீகலும் தயங்கினார். பெண் பாடும் ரும்பா விற்காது என்பது அவர் எண்ணம். நட்டம் வந்தால் செலியாவின் கூலியைத் தானே தருகிறேன் என்று மார்த்தினெஸ் பொறுப்பேற்ற பிறகே பதிவு நடந்தது. 'காவோ காவோ மனீ பிகாவோ', 'மாத்தா சிகுவாராயா' என்ற இரண்டு பாடல்களோடு வந்த அந்தத் தட்டு நன்றாக விற்றது. அதற்குப் பிறகு எதிர்ப்புக் குரல் எழவில்லை.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவர் இந்தக் குழுவின் முகமாக இருந்தார். ரேடியோ புரோகிரேசோவில் தொடர்ந்து நேரடி ஒலிபரப்பு, டிராபிகானா முதலிய விடுதிகளில் இரவு நிகழ்ச்சி, சில திரைப்படங்கள், லத்தீன் அமெரிக்கா எங்கும் பயணம் என்று காலம் ஓடியது. 'புருந்தாங்கா' பாட்டுக்குக் கிடைத்த தங்கத் தட்டைப் பெற 1957-ல் முதன்முதலாக நியூயார்க் சென்றார். இதே குழுவில் எக்காளம் வாசித்த பெட்ரோ நைட் முதலில் நண்பராகவும் பிறகு வாழ்க்கைத் துணையாகவும் ஆனார். செலியாவின் ஒலிப்பதிவுகளில் மிகத் தூயவை எவை என்று கேட்டால், விருதுகள் குவிந்த பிற்காலத் தட்டுகளைத் தாண்டி, இந்த 1950-களின் பதிவுகளையே காட்ட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுகள். ஒரு சொல்கூட வீணாக இல்லை.

1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. விடுதிகளும் வானொலி நிலையங்களும் ஒவ்வொன்றாக அரசின் கைக்குப் போயின. 1960 ஜூலை 15 அன்று, மெக்சிகோவில் ஒப்பந்தமான நிகழ்ச்சிகளுக்காகச் சொனோரா மத்தான்செரா விமானம் ஏறியது. குழு திரும்பவில்லை. செலியா பிறகு அமெரிக்காவில் தங்கினார். தந்தை இறந்தார், 1962 ஏப்ரல் 7 அன்று தாயும் இறந்தார். அடக்கத்துக்கு வர கியூப அரசு அனுமதி மறுத்துவிட்டது. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாத அந்தக் கொடுமையை அவர் ஒருநாளும் மன்னிக்கவில்லை. அந்த ஆட்சி இருக்கும்வரை அதன் கீழுள்ள கியூபாவில் கால் வைப்பதில்லை என்ற உறுதி அவரிடம் கடைசிவரை இருந்தது. அவர் குரல் கியூபாவின் அரசு வானொலியிலிருந்து பல பத்தாண்டுகள் நீக்கப்பட்டது. அவர் அரசியலை ஏற்காதவர்கள் உண்டு, ஏற்றுக் கொண்டாடியவர்களும் உண்டு. ஆனால் தங்கள் நாட்டின் மிகச் சிறந்த குரலை ஒரு தலைமுறையின் காதுக்கே எட்டாமல் ஒரு அரசு செய்தது, எந்தக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாத இழப்பு.

தாய் இறந்த அதே ஆண்டு ஜூலை 14 அன்று செலியாவும் பெட்ரோ நைட்டும் மணந்துகொண்டார்கள். 1965-ல் செலியா குழுவை விட்டு விலகித் தனித்துப் பாடத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் பெட்ரோவும் எக்காளத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் தொழிலைக் கவனிக்க வந்தார். மனைவியின் கலைக்காகத் தன் கலையை ஒதுக்கிவைத்த கணவர் அந்த உலகில் அரிது. செலியாவின் நீண்ட மேடை வாழ்வுக்குப் பின்னால் அவர் உழைப்பு நிறையவே இருக்கிறது.

1966-ல் தொடங்கி டிம்பாலே வாத்தியக் கலைஞர் டிட்டோ புவெந்தேயுடன் செய்த தட்டுகள் இசையில் உயர்ந்தவை, விற்பனையில் தாழ்ந்தவை. நியூயார்க்கின் லத்தீன் இளைஞர்கள் அப்போது ஆங்கில சோல் இசை கலந்த பூகலூ மோகத்தில் இருந்தார்கள். பழைய கியூப நடை அவர்களுக்குப் பெற்றோர் காலத்துச் சங்கதி. 'பெம்பா கொலொரா' இந்த வறண்ட ஆண்டுகளில்தான் பதிவானது. மேடையில் அதை விரும்பிய அளவுக்கு நீட்டி, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் புதுப்புது வரிகளைப் புனைந்து பாடுவார். சந்தை ஏற்காத காலத்திலும் அவர் தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சந்தைதான் கடைசியில் அவரிடம் வந்தது. டொமினிக்கன் புல்லாங்குழல் கலைஞர் ஜானி பாச்செகோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபானியா நிறுவனம், 1970-களில் சால்சா என்ற பெயரில் ஓர் இசை அலையைக் கிளப்பியது. புவெர்ட்டோ ரிக்கோ குடியேறிகளின் பிள்ளைகள், பிராங்க்ஸ், ஹார்லெம் தெருக்களின் வறுமை, இன அடையாளத்தின் புதுப் பெருமிதம் எல்லாம் அதில் கலந்திருந்தன. 1973-ல் லாரி ஹார்லோ இயற்றிய 'ஹாமி' என்ற லத்தீன் இசைநாடகத்தில் செலியா ஒரு பாட்டுப் பாடினார். கார்னகி அரங்கில் அதைக் கேட்ட இளைஞர்களுக்கு அந்தக் குரல் புத்தம் புதிதாக ஒலித்தது.

மறு ஆண்டே 'செலியா அண்டு ஜானி' வெளிவந்தது. பாச்செகோ இளமையிலிருந்தே சொனோரா மத்தான்செராவின் பக்தர். அந்தக் குழுவின் எளிய அமைப்பையே தன் குழுவுக்கும் வைத்திருந்தார். ஆகவே செலியா புதிய இசைக்குள் நுழையும்போது தன் பழைய வீட்டுக்குள்ளேயே நுழைந்தார். பியானோவில் பாப்போ லூக்கா. தொடக்கப் பாட்டான 'கிம்பரா'வை இயற்றியவர் ஜூனியர் செப்பேதா என்ற புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர். அதன் பல்லவியில் வரும் சொற்கள் முழவின் ஒலிக்குறிப்புகள். அகராதிப் பொருளுக்கு அங்கே வேலை இல்லை. கட்டுக்கடங்காத வேகத்தில் அவற்றைச் செலியா வாய்விட்டு உருட்டும்போது, பின்னணியில் இருக்கும் தோல்வாத்தியங்களுக்கு நிகராக இன்னொரு தோல்வாத்தியம் முன்னே வந்து நின்றதாகவே தோன்றும். பெருவின் கறுப்பின மக்களுடைய பாடலான 'டோரோ மாத்தா'வும் இதே தட்டில் கியூப நடைக்கு மாறி வந்தது. 1947-ல் டாங்கோவுக்குச் செய்ததை அவர் இங்கே இன்னும் பக்குவத்தோடு செய்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பிற்பாடு இந்தத் தட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாத்தது.

1974 செப்டம்பரில், முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் நடக்கவிருந்த குத்துச்சண்டையையொட்டி அன்று ஜயர் எனப்பட்ட காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் இசைவிழா நடந்தது. ஜேம்ஸ் பிரவுன், பி. பி. கிங், மிரியம் மக்கேபா ஆகியோர் பாடிய அந்த விழாவில் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் குழுவோடு செலியா 'கிம்பரா' பாடினார். காங்கோ மக்களுக்குக் கியூப இசை அந்நியம் அல்ல. தட்டுகள் வழியாக வந்த அந்த இசையைத் தழுவி அவர்கள் தங்கள் ரும்பாவை முன்பே உருவாக்கியிருந்தார்கள். கப்பலில் விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்ட தாளம், அந்த மக்களின் வழிவந்த ஒரு பெண்ணின் குரலில் ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பியது. படமாக்கப்பட்ட அந்த நிகழ்ச்சியை இன்றும் பார்க்க முடிகிறது. அவர் கலையின் உச்சம் எது என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அதுவே.

இந்த ஆண்டுகளில் மேடையில் அவர் எழுப்பிய 'அசூக்கார்' என்ற கூவல் அவர் முத்திரையாகிவிட்டது. சர்க்கரை என்று பொருள். மயாமி உணவகம் ஒன்றில், காபிக்குச் சர்க்கரை போடவா என்று பரிமாறுபவர் கேட்க, கியூபக்காரனாக இருந்துகொண்டு இதைக் கேட்பதா என்று செலியா வியந்து பதில் சொன்ன கதையை மேடையில் சொல்லத் தொடங்கினார். கதை சுருங்கி, அந்த ஒரு சொல் நிலைத்தது. வேடிக்கையாகப் பிறந்தாலும் அதன் அடியில் வரலாறு கிடக்கிறது. கறுப்பின மக்கள் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்டதே பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான். வண்ண வண்ணப் பொய்முடி, அடுக்கடுக்கான ரும்பா ஆடை, குதிகால் இல்லாமல் அந்தரத்தில் நிற்பதுபோலத் தோன்றும் உயர்ந்த காலணி ஆகியவையும் இந்தக் கோலத்தைச் சேர்ந்தவை. அந்தக் காலணி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தத் தோற்றமே பலர் மனத்தில் பதிந்து, உள்ளே இருந்த கறாரான இசைக்கலைஞரை மறைத்துவிட்டது என்பது வருத்தத்துக்குரியது.

பிற்காலத்தில் மரியாதைகள் வந்து சேர்ந்தன. 1989-ல் யேல் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம், இசைக்கலைஞர் ரே பரேத்தோவுடன் செய்த 'ரிட்மோ என் எல் கொரஸோன்' தட்டுக்கு கிராமி விருது, 1994-ல் அதிபர் கிளின்டன் கையால் தேசியக் கலைப் பதக்கம். இவற்றைவிடக் கனமான நிகழ்ச்சி ஒன்று 1990-ல் நடந்தது. கியூபத் தீவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாந்தனாமோ கடற்படைத் தளத்தில் பாடச் சென்றபோது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்த மண்ணில் அவர் கால் பட்டது. வேலியருகே மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டார். 1998-ல் வெளிவந்த 'லா விதா எஸ் உன் கர்னவால்' அவரைப் புதிய தலைமுறை ஒன்றிடம் சேர்த்தது. 2001-ல், எழுபத்தைந்து வயதைத் தாண்டி, கறுப்பினப் பெண்ணின் மிடுக்கான நடையைப் பாடும் 'லா நெக்ரா டியெனே தும்பாவோ'வில் ராப் இசையோடு கைகோத்தார்.

2002 டிசம்பரில் மூளைக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறி எழுந்த சில வாரங்களில் கடைசித் தட்டுக்காக ஒலிப்பதிவுக் கூடம் சென்றார். 2003 ஜூலை 16 அன்று நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீ நகரில், 77-ஆம் வயதில் காலமானார். உடல் முதலில் மயாமியின் ஃப்ரீடம் டவரில் வைக்கப்பட்டது. கியூப அகதிகள் ஒருகாலத்தில் வரிசையில் நின்று பதிவு செய்துகொண்ட கட்டடம் அது. நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் வழிபாடு நடந்தது. இரு நகரங்களிலும் பல்லாயிரம் பேர் தெருவில் காத்து நின்று விடைகொடுத்தார்கள். பிராங்க்ஸின் வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் குவாந்தனாமோ மண்ணோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார். 2007-ல் இறந்த பெட்ரோவும் அங்கேயே அடங்கியிருக்கிறார். 2024-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட 25 சென்ட் நாணயமொன்றில் அவர் உருவமும் 'அசூக்கார்' கூவலும் பொறிக்கப்பட்டன.

அவருக்குப் பின் லா இந்தியா போன்ற வலிமையான பாடகிகள் சால்சாவில் வந்திருக்கிறார்கள். ஆனாலும் மோண்டுனோவில் நின்று வரிகளைப் புனையும் இடம் இன்னும் பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருக்கிறது. செலியா திறந்த வழி அகலமாகவில்லை என்பதற்கு அவர் காரணமல்ல. குழுக்களும் நிறுவனங்களும்தான் காரணம். அவரைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 1974-ஆம் ஆண்டுத் தட்டில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி 1950-களின் சொனோரா மத்தான்செரா பதிவுகளுக்குச் செல்வது நல்லது. பொய்முடியையும் பளபளக்கும் ஆடையையும் காட்டும் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.